எந்த வரிசையில் நிற்பது?

கழக்கூட்டத்தில் வேலை, கையில் ஐந்து வருட அனுபவம், மனதில் எம்.பி.ஏ. ஆசை. பெரிய பிசினஸ் ஸ்கூலில் இடம் கிடைக்குமா என்பதற்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஸ்ரீவராகம் கோயில் குளத்தை ஒட்டிய தெருக்களில் காலை நேரம் வேகமாக நகர்கிறது. தோளில் லேப்டாப் பை, கழுத்தில் அடையாள அட்டை. கிழக்கேகோட்டைக்குப் போய் பஸ் பிடித்தால் கழக்கூட்டம். திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியின் தமிழ்க் குடும்பங்களில் ஒரு தலைமுறைக்கு முன்பு நல்ல வேலை என்றால் ஏஜீஸ் ஆபீஸ், செக்ரடேரியட், அல்லது வங்கி. 1990-ல் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் பிறந்தபின் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் மாறியது. இப்போது அதுவும் பழசாகி, சாப்ட்வேர் வேலை என்பது முதல் படி என்று ஆகிவிட்டது. அடுத்த படி எம்.பி.ஏ. அதுவும் ஏதோ ஒரு எம்.பி.ஏ. போதாது. ஐ.ஐ.எம்., ஹைதராபாத் ஐ.எஸ்.பி., முடிந்தால் ஹார்வர்ட்.

இந்தத் தெருக்களில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். வயது 27. பத்தாம் வகுப்பில் 94 சதவீதம், பன்னிரண்டாம் வகுப்பில் 91. உள்ளூர்க் கல்லூரியில் பி.டெக்., சராசரி 7.4. ஐந்து வருடமாக ஒரு பெரிய கம்பெனியில் வேலை; அமெரிக்க இன்ஷூரன்ஸ் நிறுவனம் ஒன்றின் பழைய சாப்ட்வேரைப் பழுது பார்த்து ஓடவைப்பது. எட்டு மாதம் அமெரிக்கா போய் வந்திருக்கிறார். இப்போது நான்கு பேர் அவருக்குக் கீழே. கேட் தேர்வை இரண்டு முறை எழுதினார். சிறந்த பெர்சன்டைல் 96. ஜிமேட் மாதிரித் தேர்வில் 665. ரிட்டயரான அப்பா கேட்பது ஒரே கேள்விதான்: "கிடைக்குமாடா? கிடைக்கும்னா சொல்லு. பி.எஃப். பணம் இருக்கு, வீடு இருக்கு."

கோச்சிங் சென்டரில் கேட்டால் கிடைக்கும் என்பார்கள். ஆபீஸில் கேட்டால் சிரிப்பார்கள். உண்மையான பதில், அவர் எந்த வரிசையில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

முதல் வரிசை எல்லோரும் அறிந்தது: கேட் எழுதி ஐ.ஐ.எம்.மின் இரண்டு வருடப் படிப்பில் சேர்வது. 2024-ல் இந்தத் தேர்வை எழுதியவர்கள் சுமார் 2.93 லட்சம் பேர். 96 பெர்சன்டைல் என்பது காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நூற்றில் நான்கு பேர் முன்னால் நிற்கிறார்கள் என்றால், 2.93 லட்சத்தில் அது ஏறக்குறைய 11,700 பேர். 99 வாங்கினாலும் சுமார் 2,900 பேர் வரிசையில் முன்னால் இருப்பார்கள். அகமதாபாத், பெங்களூர், கல்கத்தா மூன்றிலும் தலா 400 முதல் 500 இடங்கள். தாழ்த்தப்பட்டோருக்கு 15 சதவீதம், பழங்குடியினருக்கு 7.5, பிற்படுத்தப்பட்டோருக்கு 27, பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு 10 என்று சட்டப்படியான ஒதுக்கீடு போக, பொதுப் போட்டிக்கு இருப்பது 40.5 சதவீதம். மூன்று பெரிய ஐ.ஐ.எம்.களையும் சேர்த்துப் பொதுப் பட்டியலில் அறுநூறுக்குள்தான் இடங்கள்.

இதோடு முடியவில்லை. இந்த நிறுவனங்கள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்களையும் ஏதாவது ஒரு வகையில் சேர்த்துப் பார்க்கின்றன. பதினைந்து வயதில் எழுதிய பரீட்சை 27 வயதில் திரும்பி வந்து நிற்கிறது. அதை மாற்ற முடியாது. அனுபவம் கைகொடுக்கும் என்று நினைத்தால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. பெங்களூர் ஐ.ஐ.எம். பின்பற்றிவந்த கணக்கில் 36 மாதம் வரை அனுபவத்துக்கு மதிப்பெண் ஏறும். அதற்குமேல் எத்தனை வருடம் உழைத்தாலும் ஏறாது. ஸ்ரீவராகத்துக்காரரின் கடைசி இரண்டு வருடம் இந்தத் தராசில் எடையே இல்லாதது.

இன்னொன்றும் இருக்கிறது. வகுப்பு முழுக்க ஆண் என்ஜினியர்களாக இருப்பதை ஐ.ஐ.எம்.களே விரும்புவதில்லை. 1996-ல் தொடங்கிய கோழிக்கோடு ஐ.ஐ.எம்.மில் 2013-ல் சேர்ந்த அணியில் பாதிக்கு மேல் பெண்கள்; தேர்வு முறையை மாற்றியதால் வந்த விளைவு அது. பி.ஏ., பி.காம். படித்தவர்களுக்கும் பல இடங்களில் தனிச் சலுகை உண்டு. இதில் அநியாயம் எதுவும் இல்லை. ஒரே மாதிரி படித்து, ஒரே மாதிரி வேலை செய்த நானூறு பேர் ஒருவரிடமிருந்து ஒருவர் என்ன கற்றுக்கொள்ளப் போகிறார்கள்? ஆனால் ஆண் என்ஜினியருக்கு இதன் அர்த்தம் ஒன்றுதான்: அவர் போட்டியிடுவது நாட்டோடு அல்ல, பக்கத்து மேஜைக்காரரோடு.

இரண்டாவது வரிசையில் கூட்டம் குறைவு. ஆனால் ஐந்து வருட அனுபவம் உள்ளவருக்குப் பொருத்தமானது. 2001-ல் தொடங்கிய ஹைதராபாத் ஐ.எஸ்.பி.யின் ஒரு வருடப் படிப்புக்குக் குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் ஒரு வருடப் படிப்புக்கு 25 வயதும், பட்டத்துக்குப் பின் நான்கு வருட அனுபவமும் தேவை. இரண்டுக்குமே ஜிமேட் மதிப்பெண் செல்லும். 2023 கடைசியில் வந்த புதிய ஜிமேட்டில் மதிப்பெண் 205 முதல் 805 வரை. பழைய 700-க்குச் சமமானது புதிய 645. ஆகவே 665 மோசமில்லை. மாதிரித் தேர்வில் வாங்கியதை உண்மைத் தேர்விலும் வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஐ.எஸ்.பி.யில் ஓர் அணிக்கு 800 பேருக்கு மேல் எடுக்கிறார்கள். கதவு இங்கே அகலம்.

மூன்றாவது வரிசை கடல் கடந்தது. ஹார்வர்டில் ஓர் அணிக்குச் சுமார் 930 பேர். ஸ்டான்ஃபோர்டில் 430-ஐ ஒட்டி. 2021 முதல் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலின் தலைவராக இருக்கும் ஸ்ரீகாந்த் தாதர் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் படித்தவர் என்பதில் பெருமைப்படலாம்; அதனால் இந்திய என்ஜினியர்களுக்குக் கூடுதல் நாற்காலி போடப்படவில்லை. உலகம் முழுவதிலிருந்தும் ஆட்களைப் பொறுக்கும் இடத்தில், நல்ல மதிப்பெண்ணோடு இந்திய சாப்ட்வேர்க்காரர்கள் கட்டுக்கட்டாக விண்ணப்பிக்கிறார்கள். அங்கே மதிப்பெண் உள்ளே நுழைய வாங்கும் டிக்கெட். உட்கார இடம் பிடிப்பது வேறு சமாச்சாரம்.

அந்த வேறு சமாச்சாரம் என்ன? விண்ணப்பத்தைப் படிப்பவர் மனதில் ஓடும் கேள்வி ஒன்று: இந்த ஆள் அந்த இடத்தில் இல்லாமல் இருந்திருந்தால் எது நடக்காமல் போயிருக்கும்? நம் இளைஞர்களின் விண்ணப்பங்கள் தடுக்கி விழுவது இங்கேதான். 'நான்கு பேர் குழுவுக்குத் தலைமை வகித்தேன், வாடிக்கையாளரோடு தொடர்பில் இருந்தேன், திட்டத்தைக் குறித்த நேரத்தில் முடித்தேன்' என்று எழுதுகிறார்கள். பக்கத்து மேஜைக்காரரும் இதையே எழுதுகிறார். இருவரில் யாரை எடுப்பது என்று தேர்வாளருக்கு எப்படித் தெரியும்?

ஸ்ரீவராகத்துக்காரரின் வேலையையே உதாரணமாகப் பார்க்கலாம். இரவில் ஓடும் ஒரு புரோகிராம் மாதத்துக்கு நான்கு முறை நின்றுபோகிறது. ஒவ்வொரு முறையும் யாராவது விழித்திருந்து சரிசெய்கிறார்கள். இதையே மூன்று வருடம் செய்துவிட்டு 'பொறுப்பாகச் செய்தேன்' என்று எழுதலாம். அல்லது, நிற்பதற்குக் காரணம் வாடிக்கையாளர் அனுப்பும் கோப்பில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்து, மேலதிகாரி 'நமக்கென்ன' என்று சொல்லியும் விடாமல் கணக்குப் போட்டுக் காட்டி, அமெரிக்கக் கிளார்க்குகள் வேலை செய்யும் முறையையே மாற்றச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்திருக்கலாம். இரண்டாவது ஆளுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. அதில் அவர் எடுத்த முடிவு இருக்கிறது, எதிர்ப்பு இருக்கிறது, விளைவும் இருக்கிறது. மேனேஜ்மென்ட் என்பதே அதுதான். சம்பளமும் பதவியும் இருவருக்கும் ஒன்றாகவே இருந்திருக்கலாம்.

சிபாரிசுக் கடிதத்திலும் இதே கதை. வெளிநாட்டுப் பள்ளிகளும் ஐ.எஸ்.பி.யும் மேலதிகாரியின் கருத்தைக் கேட்கின்றன. பல ஆபீஸ்களில் 'நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்' என்பது வழக்கம். விளைவு, விண்ணப்பத்தின் மொழியும் சிபாரிசின் மொழியும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் படிப்பவர்களுக்கு அது புரியாமல் போகாது. சமூக சேவையும் அப்படியே. விண்ணப்பம் அனுப்புவதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் குளத்தைச் சுத்தம் செய்த புகைப்படம் யாரையும் அசைக்காது. எட்டு வருடமாக வாரம் தவறாமல் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் அதைப் பற்றி நான்கு வரி போதும்.

பெரிய பெயர்களைப் பார்த்தாலும் இதே பாடம்தான். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை கரக்பூர் ஐ.ஐ.டி.யில் மெட்டலர்ஜி படித்தவர். ஸ்டான்ஃபோர்டில் மேற்படிப்பு, சிலிக்கன் பள்ளத்தாக்கில் அப்ளைட் மெட்டீரியல்ஸ் கம்பெனியில் என்ஜினியர் வேலை, பிறகுதான் வார்ட்டனில் எம்.பி.ஏ.; 2002-ல் முடித்தார். இந்திரா நூயி 1976-ல் கல்கத்தா ஐ.ஐ.எம்.மில் தேறி, மேட்டூர் பியர்ட்செல், ஜான்சன் அண்டு ஜான்சன் ஆகிய கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டு யேலுக்குப் போனவர். சத்யா நாதெள்ளாவோ வேலையை விடவே இல்லை. மைக்ரோசாஃப்டில் இருந்துகொண்டே வார இறுதிகளில் விமானம் ஏறி சிகாகோ போய்ப் படித்து 1997-ல் எம்.பி.ஏ. வாங்கினார்.

நாதெள்ளா நின்றது நான்காவது வரிசை. வேலையை விடாமல் படிக்கும் இந்த வழியைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். பெங்களூர் ஐ.ஐ.எம். 1990-களின் கடைசியிலேயே சாப்ட்வேர்க்காரர்களுக்கென்று வார இறுதிப் படிப்பைத் தொடங்கியது. கோழிக்கோடு ஐ.ஐ.எம். 2013-ல் கொச்சி இன்ஃபோபார்க்கில் ஒரு வளாகம் திறந்து, வேலையில் இருப்பவர்களுக்குப் பாடம் நடத்துகிறது. திருவனந்தபுரத்திலிருந்து கொச்சிக்கு ரயில் உண்டு, சம்பளமும் நிற்காது.

சம்பளம் நிற்காது என்பது சின்ன விஷயம் அல்ல. பெரிய ஐ.ஐ.எம்.களில் இரண்டு வருடக் கட்டணம் 25 லட்சத்துக்கு மேல், ஐ.எஸ்.பி.யில் தங்கும் செலவோடு 40 லட்சத்தை ஒட்டி. முப்பது லட்சம் கடனை 9 சதவீத வட்டியில் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 38,000 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் காலத்தில் இழக்கும் சம்பளம் தனிக் கணக்கு. ஆறுதலான செய்தி, இப்படிப்பட்ட பெயர்பெற்ற இடங்களில் சீட் கிடைத்தவர்களுக்கு வங்கிகள் வீட்டை ஈடு கேட்காமலே கடன் தருகின்றன. அமெரிக்கா என்றால் கணக்கே வேறு. ஹார்வர்டில் இரண்டு வருடத்துக்கு ஆகும் மொத்தச் செலவு 2 லட்சம் டாலரைத் தாண்டும். அங்கே உதவித்தொகை குடும்ப வசதியைப் பார்த்துத்தான் தருகிறார்கள். ஏழ்மையை மறைப்பதில் லாபம் இல்லை. அங்கேயே வேலை பார்த்துக் கடனை அடைக்கலாம் என்ற பழைய நம்பிக்கையும் ஆட்டம் கண்டுவிட்டது. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அந்நாடு அறிவித்தது.

எம்.பி.ஏ. இல்லாவிட்டால் மேலே போக முடியாதா? அதற்கு ஸ்ரீவராகத்திலிருந்து தொலைவில் தேட வேண்டாம். இன்ஃபோசிஸை நிறுவியவர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன் திருவனந்தபுரத்துக்காரர், சென்னை ஐ.ஐ.டி.யில் இயற்பியலும் கம்ப்யூட்டரும் படித்தார், 2007-ல் கம்பெனியின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். மோகனூரிலிருந்து வந்த என். சந்திரசேகரன் திருச்சி ஆர்.இ.சி.யில் எம்.சி.ஏ. முடித்து டி.சி.எஸ்.ஸில் சேர்ந்தவர், 2017-ல் டாடா சன்ஸ் தலைவரானார். இருவரிடமும் எம்.பி.ஏ. பட்டம் இல்லை.

இனி அப்பாவின் கேள்விக்கு வரலாம். கேட் எழுதி அகமதாபாத், பெங்களூர், கல்கத்தா: 96 பெர்சன்டைலில் வாய்ப்பே இல்லை, மூன்றாவது முறை எழுதி 99-ஐத் தாண்டினாலும் உறுதி இல்லை. அந்த நவம்பர்களை வேறு எதற்காவது செலவிடலாம். ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட்: இன்றுள்ள விண்ணப்பத்தோடு மிகக் குறைவு. ஐ.எஸ்.பி.யும் ஐ.ஐ.எம்.களின் ஒரு வருடப் படிப்புகளும்: ஜிமேட்டில் இதே மதிப்பெண்ணோ சற்று அதிகமோ வந்தால் நியாயமான வாய்ப்பு. ஆனால் இந்த வருடமே அனுப்ப வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் இனி மாறாது, பி.டெக். சராசரியும் மாறாது. அவர் கையில் இன்னும் மாறக்கூடியது ஆபீஸில் செய்யும் வேலை ஒன்றுதான். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் அந்த இரவு புரோகிராமை நிற்காமல் ஓடவைத்துக் காட்டினால், விண்ணப்பத்தில் எழுத ஒரு விஷயம் கிடைக்கும். இடம் கிடைக்காமல் போனாலும் அந்த வேலை வீணாகாது. பதவி உயர்வுக்கு வேறு யாரும் நேர்முகம் நடத்தத் தேவையிருக்காது.

வீட்டுப் பத்திரம் அதுவரை பீரோவிலேயே இருக்கட்டும்.