கல்யாணத்துக்கு எடுத்த பி.எஃப். பணம்

பேதை முதல் பேரிளம்பெண் வரை பெண்ணின் வாழ்வை ஏழு பருவமாகப் பிரித்தார்கள் நம் முன்னோர். நாற்பது வயதோடு அந்தக் கணக்கு முடிந்துவிடும். அதற்குப் பின்னும் அவள் வாழ வேண்டிய காலத்துக்குப் பெயரே இல்லை. ஓசூர் அருகே தென்பெண்ணை அணையை ஒட்டிய கெலவரப்பள்ளி வட்டாரத்தில் இன்று பருவங்களுக்கு வேறு பெயர்கள்: டிரெய்னி, காண்ட்ராக்ட், பெர்மனென்ட், ரிட்டயர்மென்ட்.

1970-களில் ஓசூருக்கு சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என ஆலைகள் பெருகின. ஒரே கேட்டில் நுழைந்து, 58 வயதில் அதே கேட்டில் மாலையோடு வெளியே வந்த தலைமுறை ஒன்று இங்கே உண்டு. அவர்களின் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு அரிது. முப்பது வயதுக்குள் மூன்று கம்பெனி மாறிவிடுகிறார்கள்.

மாறும் ஒவ்வொரு முறையும் பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுக்கிறார்கள். நஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது. முதலாளி செலுத்தும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் பென்ஷன் கணக்குக்குப் போகிறது. 58 வயதில் மாதப் பென்ஷன் பெறப் பத்து ஆண்டு சேவை வேண்டும். இங்கே மூன்று, அங்கே நான்கு, இன்னொரு இடத்தில் மூன்று என்று சேர்ந்தாலும் போதும். ஆனால் பென்ஷன் பகுதியையும் எடுத்துவிட்டால் அந்த ஆண்டுகள் அழிந்துபோகும். எடுக்காமல் ‘ஸ்கீம் சர்டிபிகேட்’ வாங்கிவைத்தால் சேவை தொடரும். 15,000 ரூபாய் சம்பள வரம்பில் பத்து ஆண்டுக்கு மாதம் சுமார் 2,142 ரூபாய். சிறிய தொகைதான், மாத்திரை வாங்க மகனிடம் கைநீட்டாமல் இருக்க அது உதவும்.

பெண்களுக்கு இழப்பு இன்னும் அதிகம். கல்யாணம் நிச்சயமானதும் வேலையை விடுகிறார்கள், பி.எஃப். நகையாகிறது. பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் திரும்பி வருகிறவளுக்குக் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது. அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. செட்டில்மென்ட் தாளில் கையெழுத்து வாங்குகிற மேசையில் இதை யாராவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஒரு பக்கத் தாள் கொடுப்பதை ஒவ்வொரு ஆலைக்கும் ஒப்பந்தக்காரருக்கும் அரசு கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை, வேலையை விடும் தம்பி தங்கைகளே, அவசரத்துக்குப் பி.எஃப். பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பென்ஷன் பகுதியை மட்டும் தொடாதீர்கள்.