லத்தீனும் விளையாட்டுப் பெயர்களும்

வழக்கொழிந்த லத்தீன் பாஷையைப் பயிலுதல் வீண் என்பர் சிலர். யாம் அதற்கு உடன்படோம். மாணாக்கராயிருந்த நாட்களில் அதன் வேற்றுமைகளை மனனஞ்செய்து களைத்தபொழுது, ஒருவர்க்கொருவர் லத்தீன் பெயரிட்டு அழைத்து மகிழ்ந்தோம். உழவர் குடியிற் பிறந்த நண்பர் ‘அக்ரிகோலா’ ஆனார்; அன்றுமுதல் அச்சொல்லின் வேற்றுமைகளை எம்மில் எவரும் மறந்திலர்.

இஃது எமது புதுமையன்று. ஜெர்மனியில் 1494-ல் பிறந்த கியோர்க் பௌவர், உழவன் எனப் பொருள்படும் தம் குடிப்பெயரை அக்ரிகோலா என்றே மாற்றிக்கொண்டார். சுரங்கத் தொழிலைப்பற்றி அவர் லத்தீனில் இயற்றிய பெருநூல் 1556-ல் வெளிவந்தது. வணிகன் எனப் பொருள்படும் ‘கிரேமர்’ என்னும் பெயரினர், மெர்காட்டராகி 1569-ல் உலகப்படம் வெளியிட்டார்.

ஒரு மொழியில் தமக்கொரு பெயர் பெற்றவர் அம்மொழிக்கு அந்நியராகார். ஆதலின், ஆசிரியர்காள்! இலக்கண வகுப்பில் எழும் சிரிப்பைக் கடியாதீர். பாஷை உள்ளத்திற் குடிபுகும் வாயில் அதுவே.