பெரிய விரால் பிடிக்கிற ரகசியம்



பழைய மாணவர் ஒருவர் நேற்று பெரிய விரால் ஒன்றைக் கையில் பிடித்தபடி படம் அனுப்பினார். மகிழ்ச்சி. "குளத்தில் செங்குஞ்சுக் கூட்டம் தெரிந்தது சார், நடுவில் தவளையைப் போட்டேன், உடனே பாய்ந்தது" என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததும் மனசு கனத்தது.

அது பசிக்குப் பாயவில்லை, பிள்ளைகளைக் காக்கப் பாய்ந்தது. விரால் தன் குஞ்சுகளைக் கூடவே இருந்து காவல் காக்கும். அதைத் தூக்கிவிட்டால் கொக்குக்கும் மீன்கொத்திக்கும் மற்ற மீன்களுக்கும் அத்தனை குஞ்சும் இரை. சின்ன வயதில் நானும் அப்படிப் பிடித்தவன்தான். அதனால்தான் சொல்கிறேன்.

பெரிய விரால் வேண்டுமா? விடியற்காலையில் போங்கள். விரால் மூச்சு விட மேலே வரும். குமிழி எழும் இடத்தைப் பார்த்து, புல்லோரமாக இரையை மெல்ல இழுங்கள். கவ்வியதும் வெடுக்கென்று இழுக்காமல் கொஞ்சம் விட்டுப் பிடியுங்கள். குஞ்சுக்கூட்டம் தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள்.

நீலகிரி டிரவுட்டுக்கு 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் கட்டினார்கள். நம் சேதராப்பட்டுப் பக்கத்துக் குளத்து விராலுக்குத் தாய் தகப்பன்தான் பொரிப்பகம்.

இன்னொன்று: ஊசுட்டேரி 2008 முதல் பறவைகள் சரணாலயம். அங்கே தூண்டிலோடு போகாதீர்கள்.

பேரப்பிள்ளைகளும் விரால் குழம்பு சாப்பிட வேண்டாமா? உங்கள் கருத்தையும் எழுதுங்கள்.