கோல்ட் ப்ரூவும் கொஞ்சம் வயித்தெரிச்சலும்

போன மாசம் ஆபீஸ் வேலையா பெங்களூர் போயிட்டு வந்தேன். காலைல ஆறு மணி ஃப்ளைட்டு. தூக்கக் கலக்கத்துல ஏர்போர்ட்ல ஒரு கடைல கோல்ட் ப்ரூ கேட்டேன். கடைப்பையன் என் கண்ணு முன்னாடியே மெஷின்ல சுடச்சுட எஸ்பிரஸோ பிடிச்சு, ஐஸ் மேல ஊத்தி, 290 ரூபாய்க்கு பில்லை நீட்டினான். "இது ஐஸ் காபிப்பா"ன்னேன். "ரெண்டும் ஒண்ணுதான் சார்"ங்கறான்.

ஒண்ணு இல்லைங்க! அதைச் சொல்லத்தான் இவ்ளோ பில்டப்பு.

கோல்ட் ப்ரூவுல வெந்நீருக்கே வேலை கிடையாது. கொரகொரப்பா அரைச்ச காபித்தூளைப் பச்சைத்தண்ணில 12லேர்ந்து 20 மணி நேரம் ஊறப்போட்டு வடிகட்டணும். சூடு நாலு நிமிஷத்துல செய்யறதை இங்கே நேரம் நிதானமா செய்யுது. கசப்பு கம்மியாத்தான் இறங்கும். ஸ்டார்பக்ஸ் 2015ல அமெரிக்கக் கடைகள்ல விக்க ஆரம்பிச்சப்புறம் பெரிய ஃபேஷன் ஆயிடுச்சு. ஆனா 1964லயே டாட் சிம்ப்சன்னு ஒரு கெமிக்கல் இன்ஜினியர் வீட்டுல போட்டுக்க ஒரு சாதனம் பண்ணிட்டார். பேரு 'டாடி'. அப்பா இல்லை, கள்ளுக்கு இங்கிலீஷ்ல சொல்ற டாடி :-)

அதனால ஊர் சுத்தறப்போ நான் கேக்கறது ஒரே கேள்வி: "எத்தனை மணி நேரம் ஊறினது?" பட்டுனு பதில் வந்தா வாங்குவேன். முழிச்சா டீ சொல்லிடுவேன்.

இன்னொரு கட்டுக்கதை, "ஆசிட் கம்மி, வயித்துக்கு நல்லது". ராத்திரி ரிலீஸ் கால்களால ஏற்கனவே அல்சர் லெவலுக்குப் போன ஆளு நான். இதை நம்பி வெறும் வயித்துல தினம் மூணு கிளாஸ் அடிச்சு, டாக்டர்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். 2018ல ஃபிலடெல்ஃபியால ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்தாங்க. சூடான காபி, கோல்ட் ப்ரூ ரெண்டுக்குமே பிஹெச் 4.85லேர்ந்து 5.13க்குள்ளதான். மொத்த அமிலம் வேணா சூடானதுல கொஞ்சம் கூட. நாக்கு ஏமாந்தா வயிறும் ஏமாறணும்னு சட்டம் இல்லையே. இப்ப ஒரே கிளாஸ், அதுவும் சாப்பாட்டுக்கு அப்புறம்.

வீட்டுல போடறதுல பெரிய வித்தை ஒண்ணும் இல்லை. 100 கிராம் தூள், 800 மில்லி தண்ணி, மூடின எவர்சில்வர் பாத்திரம், ஃப்ரிட்ஜ்ல ஒரு 16 மணி நேரம், அப்புறம் வெள்ளைத்துணில வடிகட்டு. அவ்ளோதான். கஷ்டம் எல்லாம் தூள் வாங்கறதுலதான். நம்ம ஃபில்டர் தூள் ரொம்ப நைசு, சிக்கரி வேற. சேறு மாதிரி துணியை அடைச்சுக்கும். காபிக்கடைல "சிக்கரி வேணாம், ரவை மாதிரி அரைங்க"ன்னு கேட்டா, "டிகாஷன் இறங்காதே தம்பி"ன்னு பெரியவர் ரொம்பவே வருத்தப்பட்டார். பீபரி வாங்கினேன், பிரமாதம். (காலைல முதல் காபி இன்னிக்கும் டிகாஷன்தான். அதுல எல்லாம் கை வைக்க மாட்டேன்.)

இப்ப பயணத்துக்கும் இதேதான். 60 கிராம் தூளைத் துணில மூட்டை கட்டி எடுத்துட்டுப் போறேன். ராத்திரி ஹோட்டல் ரூம்ல அரை லிட்டர் அகல வாய் பாட்டில்ல போட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சா, மறுநாள் மதிய சாப்பாட்டுக்கு அப்புறம் ரெடி. ஹைதராபாத்துல ரூம் சுத்தம் பண்ண வந்தவர் அதை ஏதோ கெட்டுப்போன தண்ணின்னு நெனச்சு சிங்க்ல கொட்டிட்டார். அதுலேர்ந்து பாட்டில்ல 'காபி, கொட்டாதீங்க'ன்னு எழுதி ஒட்டிடறேன். மூணு பாஷைல.