கண்ணோரத்தை அழுத்திப் பார்த்தீர்களா?

அறந்தாங்கியிலோ கந்தர்வகோட்டையிலோ, கண்புரை முகாம் எங்கே நடந்தாலும் வரிசையிலிருந்து சிலரை விலக்கத்தான் வேண்டியிருக்கிறது. சிலருக்குச் சர்க்கரை கூடியிருக்கும், சிலருக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கும். வேறு சிலருக்கு, பெரும்பாலும் நடுவயதைத் தாண்டிய பெண்களுக்கு, சிரிஞ்சிங் செய்யும்போது உப்புநீர் தொண்டைக்கு இறங்காமல் சீழோடு திரும்பி வரும். சீட்டில் 'கண்ணீர்ப் பாதை அடைப்பு' என்று எழுதி, கையில் ஒரு சொட்டு மருந்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். சர்க்கரைக்காரரும் ரத்த அழுத்தக்காரரும் மாத்திரை சாப்பிட்டுவிட்டு அடுத்த முகாமுக்கு வந்துவிடுவார்கள். அந்தப் பெண்கள் வருவதில்லை. வந்தாலும் அதே சீழோடு வருகிறார்கள்.

விலக்கியது சரிதான். சீழ் நிறைந்த கண்ணீர்ப்பை பக்கத்தில் இருக்கும்போது கண்ணைத் திறந்து லென்ஸ் வைத்தால், கிருமி உள்ளே போய்க் கண்ணையே இழக்க நேரிடும். ஆனால் விலக்கியதோடு வேலை முடிந்தது என்று நாம் எண்ணுவதை ஏற்க முடியாது. சொட்டு மருந்து அடைப்பைத் திறக்காது. மருந்து விடும்வரை சீழ் அடங்கியிருக்கும், நிறுத்தினால் திரும்ப வரும். ஆண்டுக்கணக்காக மாற்றி மாற்றிச் சொட்டு மருந்து வாங்கியவர்கள் நம் எல்லோருடைய புறநோயாளர் பிரிவிலும் உண்டு.

அவர்களுக்குக் கண்புரை மட்டுமே ஆபத்து என்றும் சொல்ல முடியாது. நம் மாவட்டத்தில் நெல்லடிக்கும் காலத்தில் கண்ணில் சுணை படாதவர் குறைவு. மற்றவர்களுக்கு இரண்டு நாளில் ஆறிவிடும் கீறல், கண்ணோரத்தில் சீழ் தேங்கியிருப்பவருக்குக் கருவிழிப் புண்ணாகிவிடும். 1994-இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மூன்று மாதங்களில் வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு முன்பே கண்ணில் அடிபட்டிருந்தது. பாக்டீரியா வளர்ந்த மாதிரிகளில் முதலிடம் நிமோகாக்கஸுக்கு. கண்ணீர்ப்பைச் சீழில் பெயர்போன கிருமிகளில் அதுவும் ஒன்று. கருவிழிப் புண்ணோடு வருபவரிடம் புண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கண்ணோரத்தைப் பார்க்காமல் விடுவது, கிருமி ஊறும் இடத்தை அப்படியே விட்டுவிட்டு மருந்து ஊற்றுவதுதான்.

பார்ப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம், விரல் போதும். கீழ்க் கண்குழியின் எலும்போரத்தைத் தடவிக்கொண்டே மூக்குப் பக்கம் வந்தால் ஒரு விளிம்பு தட்டுப்படும். அதற்குப் பின்னாலுள்ள பள்ளத்தில்தான் பை இருக்கிறது. பலர் மூக்கெலும்பின் மேலேயே அழுத்திவிட்டு 'ஒன்றுமில்லை' என்று எழுதிவிடுகிறார்கள். விளிம்பைத் தாண்டி உள்நோக்கி அழுத்த வேண்டும். அழுத்தும்போது கீழிமையைச் சற்று விலக்கி, கண்ணீர்த் துளைகளைக் கவனிக்க வேண்டும். சளியோ சீழோ எட்டிப் பார்த்தால் நோய் உறுதி, சிரிஞ்சிங்கூடத் தேவைப்படாது. எதுவும் வராவிட்டால் ஒரு கேள்வி கேளுங்கள்: "காலையில நீங்களே அமுக்கி எடுத்துட்டீங்களாம்மா?" ஆமாம் என்பவர்கள் நிறையப் பேர்.

இதற்கு அறுவை சிகிச்சைதான் தீர்வு. பையை மூக்கோடு இணைக்கும் டி.சி.ஆர். முறையை இத்தாலியரான தோட்டி 1904-இல் விவரித்தார். மூக்கு வழியாக எண்டோஸ்கோப் வைத்தும் இன்று செய்கிறோம். பையையே எடுத்துவிடும் டி.சி.டி.யை இளம் மருத்துவர்கள் பழைய முறை என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. எழுபத்தைந்து வயதில் இதயநோயோடு, கருவிழிப் புண்ணோ முற்றிய புரையோ உள்ள ஒருவருக்கு, சீழின் ஊற்றைச் சீக்கிரம் அகற்றுவதே பெரிய உதவி. கண்ணில் நீர் வடிவது நிற்காது என்பதை மட்டும் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

திடீரென்று சிவந்து, வீங்கி, தொட முடியாத வலியோடு வருபவருக்குச் சிரிஞ்சிங்கோ புரோபிங்கோ கூடவே கூடாது. வாய்வழியாகவோ ஊசியாகவோ ஆன்டிபயாடிக், வெந்நீர் ஒத்தடம், சீழ் கட்டி முனை கண்டால் வடித்தல். டி.சி.ஆர். எல்லாம் அடங்கிய பிறகு. இமையின் உள்மூலைத் தசைநாணுக்கு மேலே வீக்கம் எழும்பினாலோ, கண்ணீரில் ரத்தம் கலந்தாலோ கட்டியைச் சந்தேகிக்க வேண்டும்.

நம் பகுதிக்கென்று இன்னொரு சந்தேகமும் உண்டு. ஊருணியிலும் கண்மாயிலும் குளித்து வளர்ந்தவர்களிடம் ரைனோஸ்போரிடியோசிஸ் வரும். பக்கத்துச் சிவகங்கை, ராமநாதபுரம் மருத்துவர்களுக்கு இது நன்கு பழக்கம். மூக்கில் வருவதுதான் அதிகம், கண்ணீர்ப்பையையும் பிடிக்கும். பை மெத்தென்று வீங்கியிருக்கும், கண்ணீரில் ரத்தம் தெரியும், ஆனால் சிரிஞ்சிங்கில் நீர் தாராளமாக இறங்கிவிடலாம். பாதை திறந்திருக்கிறதே என்று ஏமாந்துவிடக்கூடாது. மூக்கையும் பார்க்க வேண்டும். குளத்தில் குளிப்பீர்களா என்று கேட்க வேண்டும். வழக்கமான டி.சி.ஆருக்கு முன் இந்தச் சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும். இதற்குப் பையை முழுவதுமாக எடுப்பதே பொதுவாக ஏற்கப்பட்ட வழி.

பச்சிளங்குழந்தைகளின் கதை வேறு. பாதையின் கீழ்முனையிலுள்ள மெல்லிய சவ்வு திறக்காததால் நீர் வடிகிறது. பத்தில் ஒன்பது பேருக்கு ஒரு வயதுக்குள் தானாகவே சரியாகிவிடும். அதுவரை மசாஜ். நகம் வெட்டிய, கழுவிய விரலைக் கண்ணோரத்தில் வைத்து, உள்ளே அழுத்தியபடி கீழ்நோக்கி இழுக்க வேண்டும். வாயால் சொன்னால் தாய்மார்கள் மூக்குத் தோலைத் தேய்த்துவிட்டுப் போவார்கள். நம் முன்னாலேயே செய்யச் சொல்லி, அழுத்தம் சரிதானா என்று பார்த்து அனுப்புவது நல்லது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், மை எதையும் கண்ணில் விட வேண்டாம் என்பதைப் பாட்டியும் உடனிருக்கும்போது சொல்லுங்கள். ஒரு வயது நெருங்கியும் நிற்கவில்லை என்றால் புரோபிங். நீர் வடிவதோடு வெளிச்சத்துக்குக் கண் கூசுவதும் கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ தெரிவதும் சேர்ந்தால் அது பிறவிக் கண் அழுத்த நோயாக இருக்கலாம். "புள்ளைக்குக் கண்ணு பெருசா, அழகா இருக்கு" என்று குடும்பம் பூரித்துக்கொண்டிருக்கும். அன்றைக்கே அனுப்பிவிட வேண்டும்.

முகாம் நடத்தும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். சீழ் என்று விலக்கப்படுபவருக்குத் தனிப் பட்டியல் வையுங்கள். பெயருக்கு எதிரே அறுவை சிகிச்சை எங்கே, எந்தத் தேதியில் என்பதும், உடன் வரும் மகனுடைய அல்லது மருமகளுடைய கைபேசி எண்ணும் இருக்கட்டும். 2017-இல் முள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மதுரையும் திருச்சியும் தஞ்சையும் பேருந்தில் போய்வரும் தூரம்தான். தேதி வாங்குவது நம்மால் முடியாத காரியமில்லை. கண் மருத்துவ உதவியாளர் ஒருவர் பட்டியலை மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்து, வராதவர்களை அழைத்துப் பேசட்டும். தை அறுவடை தொடங்குமுன் இந்த ஆண்டுப் பட்டியலிலுள்ள அத்தனை பேருக்கும் அறுவை சிகிச்சை முடிந்திருக்க வேண்டும்.