உறையாத தண்ணீரும் கோழிக்குக் கேடுதான்!



மழைக்காலம் பிறந்து விட்டால் திரிங்காப், கோலா தெர்லா, கம்போங் ராஜா பக்கத்து லயங்களில் ஒரு பேச்சு கட்டாயம் காதில் விழும்: "குளிரு வந்திருச்சி, இனிமே கோழி முட்டை போடாது!" சொல்கிறவர் சொல்வார், கேட்கிறவர் தலையாட்டுவார், அத்தோடு சரி. பழி குளிர் மேல் விழும். கோழி முன்னால் இருக்கிற தண்ணீர்ச் சட்டியை மட்டும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

இன்று அந்தச் சட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். "சம்பளம், வீடு, பள்ளிக்கூடம்னு எத்தனையோ பிரச்சினை இருக்க, கோழித் தண்ணிக்கு ஒரு கட்டுரையா?" என்று சிரிக்க வேண்டாம். பொறுமையாகப் படியுங்கள். வீடும் தண்ணீரும் கடைசியில் தானாகவே இதற்குள் வந்து சேரும்.

முதலில், குளிர் வந்தால் முட்டை நிற்குமா என்று பார்ப்போம். குளிர் நாடுகளில் நிற்கிறது, உண்மைதான். ஆனால் அதற்குப் பெரிய காரணம் வெளிச்சம். கோழி நன்றாக முட்டையிட நாளைக்குச் சுமார் 14 மணி நேர வெளிச்சம் வேண்டும். இங்கிலாந்தில் டிசம்பர் மாதத்துப் பகல் எட்டு மணி நேரத்தில் முடிந்து விடும். கேமரன் மலையோ பூமத்திய ரேகைக்கு நாலரை பாகைதான் வடக்கே இருக்கிறது. வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இங்கே அரை மணி நேரம்தான் வித்தியாசம். ஆகவே அந்தச் சாக்கு நம் ஊரில் செல்லாது.

குளிரையே எடுத்துக் கொள்வோம். இந்த மலையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 பாகை செல்சியஸ். 1978ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி பதிவானது. சாதாரண இரவுகளில் 15 பாகைக்குப் பக்கத்தில் நிற்கும். கோழியின் உடம்புச் சூடோ சுமார் 41 பாகை. நல்ல இறகு உள்ள கோழி இந்தக் குளிரைத் தாங்கும். ஆனால் உடம்பைச் சூடாக வைத்துக் கொள்ள அதற்குத் தீனி கொஞ்சம் கூடுதலாக வேண்டும். தீனி உள்ளே இறங்கத் தண்ணீர் வேண்டும். ஒரு பெட்டைக் கோழி தின்பது நாளைக்கு நூறு கிராமுக்கு மேல். குடிப்பது அதைப் போல இரண்டு மடங்கு, அதாவது கால் லிட்டருக்குச் சற்றுக் குறைய. தண்ணீர் குறைந்தால் தீனி குறையும். தீனி குறைந்தால் முட்டை நிற்கும். முட்டை ஓட்டுக்குள் இருப்பதில் முக்கால் பங்கு தண்ணீர்தானே! குடிக்காத கோழி எங்கிருந்து முட்டை போடும்?

இதை நம்மை விட நன்றாக அறிந்தவர்கள் மூணாறு மலைத் தொழிலாளர்கள். கேரளத்தில் இருந்தாலும் அந்தத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் பெரும்பாலும் நம் தமிழர்களே. அங்கே குளிர் காலத்தில் உறைபனி விழும். 2019 ஜனவரியில் செண்டுவாரை, லெட்சுமி போன்ற தோட்டங்களில் பல நாள்கள் சுழியத்துக்குக் கீழே இறங்கி விட்டது. தேயிலைக் கொழுந்து கருகிப் போனது. உதகையிலும் இலங்கையின் நுவரெலியாவிலும் இதே கதை உண்டு.

அங்கே உறைகிறது, இங்கே ஏன் உறைவதில்லை? மூணாறு 10 பாகை வடக்கே இருப்பது ஒரு காரணம். இன்னொன்று, அங்கே தை மாதத்து இரவில் வானம் மேகமில்லாமல் துடைத்து விட்டது போல இருக்கும், காற்றிலும் ஈரம் குறைவு. பகலில் தரை வாங்கிய சூடு இரவில் தடையில்லாமல் மேலே போய் விடும். நம் மலையில் மேகமும் மூட்டமும் போர்வை மாதிரி மூடிக் கொள்கின்றன.

தண்ணீர் உறைகிற ஊர்களில் கோழி வளர்ப்பவர்கள் ஒரு நல்ல பழக்கம் வைத்திருக்கிறார்கள். கோழி இருட்டில் தண்ணீர் குடிப்பதில்லை. ஆகவே பொழுது சாய்ந்ததும் சட்டியைக் கவிழ்த்து விடுவார்கள். விடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுவார்கள். மத்தியானம் ஒரு தடவை பார்ப்பார்கள். சிலர் வெயில் படுகிற இடத்தில் கறுப்பு ரப்பர் சட்டி வைப்பார்கள், சூட்டை இழுத்துக் கொள்ளும் என்று. உறையாமல் இருக்கத் தண்ணீரில் உப்புப் போடலாமே என்று நினைத்து விடக் கூடாது; அதிக உப்பு கோழிக்கு விஷம். கூட்டுக்குள் விளக்கு எரிய விடுவதும் ஆபத்து. வைக்கோலிலும் மரத்தூளிலும் தீப்பிடித்துக் கூடே போய் விடும்.

அந்த ஊர்க்காரருக்குப் பனிக்கட்டி ஒரு கங்காணி மாதிரி! காலையில் சட்டியைப் பார்க்காமல் இருக்க விடாது. திரிங்காப்பில் அந்தக் கங்காணி இல்லை. சட்டியில் எப்போதும் தண்ணீர் இருப்பது போலவே தெரியும். மூன்று நாள் தண்ணீரா, எச்சம் விழுந்த தண்ணீரா, மழைச்சேறு தெறித்த தண்ணீரா என்று யார் பார்க்கிறார்கள்? "தண்ணி இருக்குல்ல, போதும்" என்று போய் விடுகிறோம். கோழி ஒரு வாய் குடித்து விட்டுத் தலையைத் திருப்பிக் கொள்ளும். அதற்குப் பேர் குளிர் நோயாம்!

நம் மலையில் கோழிக்கு எதிரி பனிக்கட்டி அல்ல, ஈரமும் அழுக்கும்தான். 15 பாகைத் தண்ணீர் பெரிய கோழிக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் மூன்று, நான்கு வாரம் ஆகாத குஞ்சுக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக் கொள்ளத் தெரியாது. ஆழமான சட்டியில் விழுந்து நனைந்த குஞ்சு இரவு தாண்டாது. குஞ்சுக்கு ஆழமில்லாத தட்டு வையுங்கள், நடுவில் கூழாங்கல் போடுங்கள், குளிர் விட்ட தண்ணீராக ஊற்றுங்கள். சட்டி இரண்டு செங்கல் மேல், கூரைக்கு அடியில் இருக்கட்டும். சிந்திய தண்ணீர் கூட்டுக்குள் ஊறக் கூடாது.

அடுத்தது அழுக்கு. திரிங்காப்பைச் சுற்றிக் காய்கறித் தோட்டங்கள் இருப்பது எல்லாருக்கும் தெரியும். அங்கே உரமாகப் போடுவதில் கோழி எருவும் உண்டு. கீழே இருக்கிற பெரிய பண்ணைகளிலிருந்து வருகிற எரு அது. மழை பெய்தால் எருவும் பூச்சி மருந்தும் சேர்ந்து ஓடைக்கும் சாக்கடைக்கும் வரும். எருவோடு நோய்க்கிருமியும் வரலாம். அந்த ஓடைத் தண்ணீரை மொண்டு நம் கோழிக்கு வைத்தால், எங்கேயோ இருக்கிற பண்ணையின் நோயை நாமே வீட்டுக்கு அழைத்து வருகிறோம். வெள்ளைக் கழிச்சல் எச்சத்தாலும் தண்ணீராலும் பரவுகிற நோய். வந்தால் கூண்டோடு காலியாக்கும். அதற்குத் தடுப்பு மருந்து உண்டு. கம்பத்துக் கோழிகளுக்குத் தீனியிலேயே கலந்து கொடுக்கும் தடுப்பு மருந்துக்காக 1980களில் செர்டாங் விவசாயப் பல்கலைக்கழகத்திலேயே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. கால்நடைத் துறை அலுவலகத்தில் கேட்டு மருந்து போடுங்கள். ஆனால் சட்டி அழுக்காக இருந்தால் மருந்து போட்டும் மற்ற நோய்கள் விடாது.

இன்னொன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மருந்து வந்த டப்பாவை, பிளாஸ்டிக் தோம்பை அறுத்துக் கோழிக்குத் தண்ணீர் வைக்காதீர்கள். பராகுவாட் மருந்தை 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் தடை செய்தார்கள். தடை வந்ததென்று பழைய டப்பா சுத்தமாகி விடாது. எத்தனை தடவை கழுவினாலும் அது மருந்து டப்பாதான். அந்தக் கோழியின் முட்டையைத் தின்பது உங்கள் பிள்ளை.

"இவ்வளவு பாடு எதுக்கு? கடையில முட்டை கிடைக்காதா?" என்று கேட்பவர்கள் உண்டு. 2022இல் கோழிக்குத் தட்டுப்பாடு வந்து, ஜூன் 1 முதல் அரசாங்கம் ஏற்றுமதியையே நிறுத்தி வைத்ததை மறந்து விட்டோமா? முட்டைக்குக் கொடுத்து வந்த உதவித் தொகையும் 2025 மே மாதம் குறைந்து, ஆகஸ்ட் 1 முதல் அடியோடு நின்று போனது. ஐந்து கோழி இருக்கிற வீட்டில் பிள்ளைகளுக்கு முட்டை உண்டு. மிஞ்சியதை விற்றால் அந்த வீட்டுப் பெண்ணின் கையில், யாரிடமும் கேட்க வேண்டாத நாலு காசு உண்டு. கொழுந்துக் காசு கடைக் கணக்குக்குப் போகும். கோழிக் காசு அவளுடையது. சட்டியில் தண்ணீர் கெட்டால் முதலில் கெடுவது அந்தக் காசுதான்.

ஆகவே ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. கோழி பொம்பளை வேலை என்று ஒதுங்க வேண்டாம். விடியற்காலையில் சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, மலையேறப் போகிறவளுக்குச் சட்டியைத் தேய்க்க நேரம் எங்கே? சாயங்காலம் சட்டியைக் கவிழ்க்க ஒரு நிமிஷம். காலையில் கழுவி ஊற்ற ஐந்து நிமிஷம். பத்துக் கோழிக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் போதும்.

அந்த இரண்டரை லிட்டர் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். இதில் நிர்வாகத்துக்குப் பங்கு இருக்கிறது. தோட்டக் குடியிருப்புக்குக் குழாய்த் தண்ணீரைப் போதுமான அளவு, இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் முதலாளிக்குக் கடமை விதித்திருக்கிறது. குழாய் வறண்ட நாளில்தான் மக்கள் ஓடைக்குப் போகிறார்கள். கோழிக்கு மொண்டு வந்த வாளியில்தான் பாத்திரமும் கழுவுகிறார்கள். கோழிக்கு ஆகாத தண்ணி பிள்ளைக்கு மட்டும் ஆகுமா?

உங்கள் லயத்துக் குழாயில் எத்தனை நாள் தண்ணீர் வந்தது, எத்தனை நாள் கலங்கி வந்தது என்று ஒரு மாதம் நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வையுங்கள். வாயால் சொன்னால் "பார்க்கலாம்" என்பார்கள்; தேதியோடு காட்டினால் பதில் சொல்லியாக வேண்டும். அதைச் சங்கக் கூட்டத்தில் வையுங்கள், மேனேஜரிடம் கொடுங்கள், தேவைப்பட்டால் தொழிலாளர் இலாகாவுக்கும் அனுப்புங்கள். குழாய் ஒழுங்காகும் வரைக்கும் கோழிக்குக் கூட ஓடைத் தண்ணீர் வேண்டாம். கூரை மழைத் தண்ணீரைச் சுத்தமான வாளியில் பிடித்து, மூடி வைத்து ஊற்றுங்கள்.

குளிரை மாற்ற நம்மால் முடியாது. சட்டியைக் கழுவ முடியும், குழாயைக் கேட்டு வாங்க முடியும். இன்று சாயங்காலமே சட்டியைக் கவிழ்த்து வையுங்கள்!