பங்குனி நாட்பலனும் நாமும்

விழாமலர்க் குழுவினர் கூடியிருந்த ஒரு மாலைப் பொழுதில் அன்பர் ஒருவர் ஒரு யோசனையை முன்வைத்தார். விழா பங்குனியில் நிகழ்தலின், அம்மாதத்து நாள்கள் அனைத்துக்கும் பன்னிரு இராசியாருக்கும் நாட்பலன் கணிப்பித்து மலரின் இறுதியிற் சேர்த்தால் மலரை எவரும் கைநழுவ விடார் என்றும், விளம்பரங்களும் எளிதிற் கிட்டும் என்றும் அவர் கூறினார். கூறியவர் எம்மிலும் மூத்தவர். கல்லூரிக்கு வாரி வழங்கியவர். ஆதலின் அன்று நாம் வாய் திறக்கவில்லை. திறவாதது பிழையென வீடு சேருமுன்னரே உணர்ந்தோம். அன்று சொல்லாது விட்டதனை ஈண்டு எழுதத் துணிகின்றோம்.

பஞ்சாங்கத்துக்கு நாம் பகைவர் அல்லேம். எமது வீட்டிலும் அது சுவாமி அறையிலே தொங்குகின்றது. வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்னும் ஐந்துறுப்பும் இன்றேல் காரைதீவுக் கண்ணகை அம்மனுக்கு வைகாசிக் குளிர்த்தி இல்லை. திருக்கோவிலிலே ஆடி அமாவாசைத் தீர்த்தம் இல்லை. தந்தையார்க்குத் திவசம் என்றென்று அறியவும் வழியில்லை. ஆனால் அவ்வைந்தினுள் எதுவும், இன்று இடபராசியார்க்குப் பணம் வரும், நாளை துலாராசியார்க்கு மனக்கசப்பு உண்டாகும் என்று சொல்வதில்லை. அது பிற்காலத்திற் பத்திரிகைக்காரரும் நாட்காட்டிக்காரரும் கூட்டிய ஆறாவது அங்கம்.

ஐந்தங்கத்தையும் கணித்த முன்னோரின் திறமையை நினைக்குந்தோறும் எமக்கு இறும்பூது உண்டாகின்றது. சந்திரனின் ஓட்டத்தை 248 வாக்கியங்களில் அடக்கி, எண்களைச் சொற்களாக மாற்றி, மனனஞ் செய்து வைத்திருந்தனர்; அவ்வாக்கியங்களை வரருசியார் அருளியன என்று மரபு கூறும். 1825ஆம் ஆண்டிலே புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்க் கணிதர் ஒருவர், ஏடுமின்றி எழுத்தாணியுமின்றி, நிலத்திற் சோழிகளைப் பரப்பியே ஒரு சந்திரகிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அதனை யோன் வாரன் என்னும் ஐரோப்பியர் தம் நூலிற் பதிந்து வைத்தார். கிரகணம் பற்றிய வேளையில் அக்கணிதர் பிழைத்தது நான்கு நிமிடமே. நடுவேளையிலும் விடுவேளையிலும் பிழை மிகுந்ததாயினும் ஒரு மணி நேரத்தைத் தாண்டவில்லை. அவருக்கு நாம் தலை வணங்குகின்றோம்.

இன்னும் ஒன்று. கணக்கு வானத்தோடு ஒவ்வாதபோது கணக்கைத் திருத்துதலும் எம்மவர் மரபேயாம். கேரள நாட்டுப் பரமேசுவரர் ஏறத்தாழ 55 ஆண்டுகள் கிரகணங்களைக் கண்ணாற் கண்டு பதிந்து, 1431இல் திருக்கணிதம் என்னும் புதிய முறையை வகுத்தார். கண்டதற்குக் கணக்கை இசைவித்தாரேயன்றிக் கணக்குக்கு இசையுமாறு வானத்தை வேண்டினாரல்லர்.

திருக்கணிதமும் பழைய வாக்கியமும் இன்றும் இருவேறு பஞ்சாங்கங்களாக எம்மிடையே விலையாகின்றன. இரண்டும் ஒத்துப் போகாமையின் விளைவை 2025ஆம் ஆண்டுப் பங்குனியில் யாவரும் கண்டோம். திருக்கணிதப்படி சனி பகவான் அவ்வாண்டு மார்ச்சு 29ஆம் நாள் கும்பத்தை விட்டு மீனத்திற் புகுந்தார். வாக்கியத்தைக் கைக்கொள்ளும் திருநள்ளாற்றுத் தேவத்தானத்தாரோ, பெயர்ச்சி 2026 மார்ச்சிலேயே என்று அறிவித்தனர். இடையிலே ஏறத்தாழ ஓராண்டு! கும்பராசிக்காரர் ஒருவர்க்கு அவ்வோராண்டிலே சன்மச் சனியா, பாதச் சனியா? எள்ளெண்ணெய்த் தீபத்தை எக்கணக்கில் ஏற்றுவது? சனி நிற்கும் இடத்திலேயே ஒருமைப்பாடு இல்லாதபோது, பங்குனி பதினேழாம் நாட் காலையில் எமது மாணவன் ஒருவன் எத்திசை நோக்கிப் புறப்படலாம் என்பதை மட்டும் ஐயந்திரிபற அறிந்து அச்சிடுதல் எங்ஙனம்?

நாட்பலன் எழுதுவோரின் கணக்கையும் சற்றே பார்ப்போம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கை மக்கள் 2 கோடியே 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர். பன்னிரண்டாற் பகுத்தால் இராசி ஒன்றுக்கு ஏறத்தாழ 17 இலட்சம். அவர்களுள் மருதமுனைத் தறியிலிருந்து நெய்பவரும், கரைவலை இழுப்பவரும், கொழும்பு வங்கியில் உத்தியோகம் பார்ப்பவரும், தொட்டிலிற் கிடக்கும் குழந்தையும் அடங்குவர். அத்தனை பேருக்கும் அன்று 'வாகனத்தில் நிதானம் தேவை'. முறையாகச் சோதிடம் கற்ற பெரியோரைக் கேட்டால், பிறந்த வேளையும் இடமும் இலக்கினமும் தசையும் நோக்காது பலன் கூறுதல் நூலுக்கே மாறு என்பர். அவருடைய சாத்திரத்தின் உண்மை பொய்யை ஈண்டு ஆராய நாம் புகவில்லை. பத்திரிகைப் பலன் அச்சாத்திரத்துக்கும் அடங்காத பிள்ளை என்பதே எம் கூற்று.

1962ஆம் ஆண்டு பெப்ரவரியில் எட்டுக் கோள்கள் மகரராசியில் ஒருங்கு கூடின. உலகம் அழியும் என்று பாரத நாடெங்கும் பெரும் பீதி. யாகங்கள் வளர்ந்தன, நெய் ஆறாய் ஓடிற்று. கோள்கள் கூடின, கலைந்தன, வேறொன்றும் நேரவில்லை. அது கேட்டு நகைக்கலாம். நகைக்க இயலாத நாளொன்று எங்கள் கரைக்கு உண்டு. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, மார்கழிப் பூரணை. கடல் ஏறியது காலை ஒன்பது மணியளவில். ஞாயிறன்று இராகு காலமும் எமகண்டமும் பிற்பகலுக்கு உரியன. காலை அவற்றினின்றும் நீங்கிய வேளை. அவ்வேளையிலேதான் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனையும் பாண்டிருப்பும் கல்முனையும் சாய்ந்தமருதும் காரைதீவும் ஒரே நீரில் ஆழ்ந்தன. பன்னிரு இராசியாரும் அங்கிருந்தனர்.

எமது தோழர் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கின்றது. இக்கல்லூரியில் எம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். பின்னர்ப் பெரும்போக வேளாண்மையே தொழிலாகக் கொண்டவர். சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு பங்குனிச் செவ்வாய்க்கிழமை, சூடடித்த களத்தினின்றும் வீடு வந்தவர்க்குப் பிற்பகல் மூன்று மணி கழிந்த வேளையில் நெஞ்சுநோவு கண்டது. அயலிலே கடை வைத்திருந்த முஸ்லிம் அன்பர் தமது வானைக் கொணர்ந்து படலையடியில் நிறுத்திவிட்டார். வைத்தியசாலை இரண்டு கட்டைத் தொலைவுதான். வீட்டிலிருந்த முதியவள் மறித்தாள்: "இராகு காலம் தம்பி, நாலரை கழியட்டும்."

"ஆச்சி, காலத்தப் படைச்சவன் ஒருத்தன் இருக்கான். பிள்ளைய ஏத்துங்க" என்று அவர் மன்றாடினார்.

நாலரைக்கே ஏற்றினர். பாதி வழியில் உயிர் பிரிந்தது. முந்திப் போயிருந்தாற் பிழைத்திருப்பாரோ, அறியோம். போகாதிருந்தது மட்டும் எல்லாரும் அறிந்தது.

பின்னொரு நாள், ஆற்றாமையால், அக்கணக்கை நாமே போட்டுப் பார்த்தோம். இராகு காலம் என்பது உதயம் முதல் அத்தமனம் வரையுள்ள பகலை எட்டாகப் பகுத்து, செவ்வாய்க்கு ஏழாம் பங்கைக் கொள்வது. 'மூன்று முதல் நாலரை' என்று நாட்காட்டியிற் காண்பது, ஆறு மணிக்கு உதயமும் ஆறு மணிக்கு அத்தமனமும் என்று வைத்துக்கொண்ட ஒரு வசதிக் கணக்கு. பங்குனியின் முற்பகுதியிற் கல்முனைக் கரையிலே சூரியன் உதிப்பது ஆறு மணிக்கு ஏறத்தாழ ஒன்பது நிமிடம் பிந்தி. அத்தமிப்பது ஆறேகால் அளவில். அங்ஙனமாயின் அன்றைய இராகு காலம் மூன்று மணி கழிந்து பதின்மூன்று நிமிடமளவிற் றொடங்கி, நாலேமுக்காலை அண்மித்தே முடியும். அதாவது, நோவு கண்டபோது பெரும்பாலும் இராகு காலம் தொடங்கியிருக்கவே இல்லை. நாலரைக்கு வான் புறப்பட்டபோதோ அது கழியவும் இல்லை. எந்த நூலுக்கு அஞ்சிக் காத்திருந்தனரோ, அந்நூலின்படியே அக்காத்திருப்புப் பயனற்றது. 1996இல் அரசாங்கத்தார் மணிக்கூட்டை முதலில் ஒரு மணி நேரம் முன்தள்ளி, சில மாதங்களில் அரைமணி பின்னிழுத்து, 2006 ஏப்பிரலிற் பழைய நிலைக்கு மீட்டனர். அப்பத்தாண்டும் இராகுவார் எம்மணிக்கூட்டைப் பார்த்து நடந்தாரோ!

தோழரின் மனைவியார் இன்றும் நாட்காட்டித் தாளைக் கிழிக்கும்போது, இராகு காலம் அச்சிட்டிருக்கும் மூலையைக் கையால் மறைத்துக்கொண்டே கிழிப்பதை நாம் கண்டிருக்கின்றோம். அவ்வம்மையார் வீட்டுக்கும் எமது மலர் போகும்.

இஃது இந்துக்களின் குறை மட்டுமன்று. எம் அயலவரான முஸ்லிம் மக்களிடையும் சபர் மாதத்தைப் பீடை மாதமெனவும், அதன் இறுதிப் புதனை ஒடுக்கத்துப் புதனெனவும் கொண்டு அஞ்சும் வழக்கம் இருந்தது. அவர்தம் மார்க்க அறிஞர் அதனைக் கண்டித்தே வந்துள்ளனர். நபிகள் நாயகத்தின் மைந்தர் இப்ராகீம் இறந்த நாளிலே சூரியகிரகணம் நேர, மக்கள் இரண்டையும் இணைத்துப் பேசினராம். எவருடைய சாவுக்காகவும் வாழ்வுக்காகவும் ஞாயிறும் திங்களும் மறைவதில்லை என்று நாயகம் அவர்களைத் திருத்தினார். மகனை இழந்த துயரிலும் அவ்வாறு சொல்லிய மனத்திண்மையை எண்ணுக.

எமது சமயத்திலோ அதற்கு நிகரான சான்று ஏழாம் நூற்றாண்டிலேயே உண்டு. பாண்டிமாதேவியார் அழைப்பை ஏற்றுத் திருஞானசம்பந்தர் திருமறைக்காட்டினின்றும் மதுரைக்குப் புறப்படுகையில், நாளும் கோளும் நன்றாயில்லை என்று அப்பரடிகள் தடுத்தார். அப்பரடிகள் சொல்லையே அன்போடு மறுத்துக் கோளறு பதிகம் பாடிப் பிள்ளையார் நடந்தார். அப்பதிகத்தைக் கல்லூரி மண்டபத்திலே கூட்டமாக நின்று பாடியவர்கள் நாம். பாடியபின் வீட்டுக்குப் போய், நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் மகனைக் கௌரி பஞ்சாங்கம் பார்த்துப் படலைக்குள் நிறுத்தி வைக்கின்றோம்.

சிலர் கேட்பர்: நாட்பலன் படித்தலால் மனத்துக்கு ஓர் ஆறுதல்தானே, அதனையும் பறிப்பானேன்? இவ்வினாவை நாம் எளிதாகத் தள்ளமாட்டோம். மழையும் விலையும் உத்தியோகமும் எதுவும் தம் கையில் இல்லாதவர்க்கு, நாளை எப்படியிருக்கும் என்று எவரேனும் சொன்னாற் போதும் என்றிருப்பது இயல்பே. ஆயினும் பலன் தரும் ஆறுதல் அரைப்பங்கு. மறு அரைப்பங்கு அச்சம். சந்திராட்டமம் என்று ஒரு சொல் கண்ட மாணவன், அன்று வினாத்தாளைத் திறக்குமுன்னரே தோற்றுவிடுகின்றான். அதனைக் கற்பித்தோர் பலர் கண்டிருப்பர். கல்லூரியின் பெயர் பொறித்த மலரிலே அச்சொல் ஏறுமாயின், அதற்குக் கல்லூரியே சான்று நின்றதாகும். கடைத்தெரு நாட்காட்டிக்கு அந்த வலிமை இல்லை.

இராசி வட்டத்தை எப்படிப் பயன்கொள்வது என்பதற்கும் எம் கரையிலேயே வழிகாட்டி உளர். காரைதீவில் 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகள், தமது யாழ்நூலிலே, பன்னிரண்டு இராசி வீடுகளில் இசைநரம்புகளை நிறுத்தும் பழந்தமிழ் வட்டப்பாலையை எடுத்துக்கொண்டு, நரம்புகளின் அளவைக் கணிதத்தால் ஆராய்ந்தார். அடிகள் சமயத் துறவி. விஞ்ஞானப் பட்டதாரியும் ஆவார். மேடமும் இடபமும் அவர் கையில் அளவுகோலாயின.

ஆகவே குழுவினர்க்கு எம் வேண்டுகோள்: அப்பக்கங்களை வெறுமையாக விடவேண்டா. பங்குனிக்கென நாள்வாரியாக எழுதவே எழுதுவோம். நாள்தோறும் உதயம், அத்தமனம், திதி, நட்சத்திரம். கோவில்களின் உத்தர விழா. அமாவாசை கழிந்து மேல்வானில் முதற்பிறை காணத்தகும் மாலை. 2025இல் மார்ச்சு 29 அமாவாசை. மறுநாள் மாலை பிறை கண்டு, 31ஆம் நாள் நோன்புப் பெருநாள் கொண்டாடினர் எம் அயலவர். எமக்குப் பிரதமையும் துவிதியையும் காட்டும் சந்திரனே அவர்க்குப் பெருநாளையும் காட்டினான். அவ்வாறான மாலைகளைக் குறித்துவிட்டால் இரு வீட்டாருக்கும் பயன்படும் பக்கமாகும். மார்ச்சு 20 அல்லது 21இல் பகலும் இரவும் சமமாகும் நாள் வரும். முன்னொரு காலத்திற் சித்திரை வருடப்பிறப்போடு ஒட்டியிருந்த அந்நாள், இன்று மூன்று கிழமைக்கு மேல் விலகிப் பங்குனியின் முதல் வாரத்துக்கு நகர்ந்திருப்பதன் காரணத்தையும் ஒரு பந்தியில் விளக்கலாம். இந்திய அரசினர் மேகநாத சாகா தலைமையில் அமைத்த குழு அதனை ஆராய்ந்தே 1957 மார்ச்சு 22 முதல் புதிய தேசிய நாட்காட்டியை வழங்கியது. ஆலயக் கணக்கை நாம் மாற்ற வேண்டுமென்று சொல்லவில்லை. மாணவன் அறிந்திருத்தல் வேண்டும்.

ஏப்பிரல் 8ஐ அடுத்த நாள்களில், பங்குனியின் இறுதி வாரத்திலே, கதிரவன் எமது கரைக்கு நேர் உச்சியில் வருவான். அந்நாட்களில் நண்பகல் பன்னிரண்டு மணி கழிந்து நாலைந்து நிமிடமளவிற் கல்லூரி முற்றத்துக் கொடிக்கம்பத்தின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கி மறையும். கீழ்வகுப்புப் பிள்ளைகளை வெளியே அழைத்து வந்து நிறுத்தி அதனைக் காட்டுவதற்கு, எந்த நாளில் எத்தனை மணிக்கு என்று அப்பக்கத்தில் ஒரு வரி இருந்தாற் போதும். கணக்கை நாம் போட்டுத் தருகின்றோம்.